பள்ளத்தைப் பள்ளமாகவே விடச் சொன்னவர்

(ஓய்வு பெற்ற நகரமைப்பு அதிகாரி ‘மழை மேடம்’ மறைவையொட்டி, குடியிருப்போர் சங்கக் கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில், அவருடன் பணியாற்றிய சர்வேயர் ஆற்றிய உரை)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர், மருந்துக்கடை உரிமையாளர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லி முடித்துவிட்ட அலுவலக நண்பர்களே! நாற்பதடி ரோட்டைத் தவிர வேறு எந்த ரோட்டையும் விளம்பரத்தில் போட்டறியாத, அதனாலேயே நம் எல்லோராலும் ‘நாற்பதடியார்’ என்று அன்போடு அழைக்கப்படுகிற மனைத் தொழிலதிபர் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த அம்மையாரின் கணவர், இந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டியூஷன் சார் அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, நாற்காலி கிடைக்காமல் ஜன்னலோரம் நிற்கிற நண்பர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல. நிலம் அளக்கிறவன். மைக்குக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் மழை மேடத்தோடு எந்த விசாரணைக் கூட்டத்துக்குப் போனாலும், கேள்வி சூடாகிற நேரம் பார்த்து, “இதை எங்க சர்வேயர் சொல்லுவார்” என்று என்னை எழுப்பிவிட்டு அவர் நிம்மதியாக உட்கார்ந்துகொள்வார். இன்றைக்கும் அதைத்தான் செய்திருக்கிறார். என்னை எழுப்பிவிட்டு, அவர் அந்தப் படத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நீங்கள் எல்லோரும் இங்கே அஞ்சலி செலுத்த வந்திருக்கிறீர்கள். ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இரண்டு பேர் என் காதைக் கடித்துவிட்டார்கள். “பள்ளம் என்ன ஆகும் சர்வேயர்?” நியாயமான கேள்விதான். நம் தெருக்களுக்குப் பின்னால் கிடக்கிற அந்தப் பள்ளமான நிலத்தில் மனை வாங்கிப் போட்டிருந்தவர்கள் எல்லோரும் அதை விட்டுக்கொடுத்துவிட்டு, ஊருக்குள்ளே வீடு வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். ஒரே ஒரு மனைதான் பாக்கி. அது மழை மேடத்தின் சொந்த மனை. அதில் மட்டும்தான் வீடு இருக்கிறது. அந்த வீட்டில் சார் இருக்கிறார். அவர் சம்மதித்தால் பள்ளம் பிழைக்கும். சம்மதிக்காவிட்டால் எல்லாம் பழைய கதை. அந்தக் கேள்விக்கு நான் வருகிறேன், கட்டாயம் வருகிறேன். அதற்கு முன்னால் அந்த அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் பேச என்னை விடுங்கள்.

மழை மேடம்! அந்தப் பெயரை அவருக்கு வைத்தது யார்? மேடையில் இருக்கிற நாற்பதடியார்தான்! அன்பில் வைத்தாரா? வயிற்றெரிச்சலில் வைத்தார்! இன்றைக்கு அவரே அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்து வாசலில் பேனர் கட்டியிருக்கிறார்.

ஏன் அந்தப் பெயர்? நிலத்தை மனைகளாகப் பிரிக்க யார் வரைபடம் கொண்டுவந்து கொடுத்தாலும் மேடம் சொல்கிற பதில் ஒன்றே ஒன்றுதான். “மழை வரட்டும், போய்ப் பாத்துட்டு வரேன்.” கோடையில் வந்த கோப்பு மழைக்காலம் வரைக்கும் அலமாரியில் தூங்கும். நாற்பதடியார் ஒருநாள் பொறுக்க முடியாமல் வந்து, “ஏன் மேடம், நான் கையெழுத்து வாங்க உங்ககிட்ட வரணுமா, வானிலை ஆபீசுக்குப் போகணுமா?” என்று சத்தம் போட்டார். மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அங்க போறதுன்னா மழை எப்போன்னு எனக்கும் சேத்துக் கேட்டுட்டு வாங்க” என்றார்.

மழை வந்தால் ஊரே உள்ளே ஓடும். எங்கள் அலுவலகம் மட்டும் வெளியே ஓடும்! முன்னால் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மேடம். பின்னால் அளவுக்கோலும் குடையுமாக நான். குடை எனக்கென்று நினைத்துவிடாதீர்கள், அது வரைபடத்துக்கு. “நீங்க நனைஞ்சா காஞ்சிடுவீங்க சர்வேயர். பிளான் நனைஞ்சா மறுபடி யார் வரையறது?” என்பார். இந்தத் தொப்பையைத் தூக்கிக்கொண்டு எத்தனை சேற்றில் வழுக்கி விழுந்திருப்பேன்! ஒவ்வொரு தடவையும் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். தூக்கிவிட்ட பிறகு, நான் விழுந்த இடத்தில் எவ்வளவு ஆழம் தண்ணீர் என்று குறித்துக்கொள்வார்.

தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, எங்கே வளைகிறது, எங்கே போய்த் தங்குகிறது என்று அதன் பின்னாலேயே நடப்பார். தங்குகிற இடத்தைச் சிவப்புப் பென்சிலால் சுற்றுவார். அந்தச் சுற்றுக்குள் வீடு கிடையாது. பூங்கா வைத்துக்கொள், விளையாட்டு மைதானம் வைத்துக்கொள், சும்மா விடு, புல் முளைக்கட்டும். வீடு மட்டும் கிடையாது! அமைச்சருக்கு வேண்டியவர் வந்து பேசினாலும் கிடையாது, அழுதாலும் கிடையாது.

இந்தப் பழக்கம் அவருக்குப் படிப்பில் வந்ததா? இல்லை, பட்ட பாட்டில் வந்தது. தன் கதையைத் தானே ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் என்பதால் நானும் தைரியமாகச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது, கல்யாணமும் புதிது. இருவரும் மனை பார்க்கப் போனார்கள். எப்போது போனார்கள்? நல்ல வெயில் காலத்தில்! பள்ளம் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடக்கிறது. நகரமைப்பு படித்த மணப்பெண் ஒரு பக்கம் பார்க்கிறார். கணக்கு வாத்தியார் மாப்பிள்ளை ஒரு பக்கம் பார்க்கிறார். “தரை எவ்வளவு சமமா இருக்கு பாத்தியா?” என்று இவர் சொல்ல, “காத்தும் நல்லா வருதுங்க” என்று அவர் சொல்ல, காரியம் முடிந்துவிட்டது. வீடும் எழும்பிவிட்டது.

முதல் மழை பெய்தது. காலையில் டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் பார்த்தால், பெஞ்சு மிதந்து வாசலுக்கு வந்து அவர்களை வரவேற்கிறது! பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மேடம் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, “நான்தாங்க இந்த ஊருக்கே பிளான் போடப்போறேன்! எனக்கே ஒரு வீட்டுக்கு இடம் பாக்கத் தெரியல” என்று தலையில் கை வைத்தாராம். “போனா போகுது விடு, இனிமே மீன் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம்” என்று சார் தேற்றினாராம். சார் அங்கே சிரிக்கிறார் பாருங்கள், நடந்தது உண்மைதான்.

தரையை உயர்த்தினார்கள், படியை உயர்த்தினார்கள், மாடியில் ஓர் அறை எடுத்தார்கள், பெஞ்சுகளை அங்கே ஏற்றினார்கள். அந்த வீடு நின்றுவிட்டது. மற்றவர்கள் அந்தத் தண்ணீரைப் பார்த்துப் பயந்து, மனையை வாங்கியதோடு சரி, யாரும் கட்டவில்லை. தவறு செய்தால் நாம் என்ன செய்வோம்? மூடி மறைப்போம், அடுத்தவன் மேல் தள்ளுவோம். இந்த அம்மா என்ன செய்தார்? தான் ஏமாந்ததையே அலுவலகத்தின் சட்டமாக்கிவிட்டார்! மழையில் பார்க்காத நிலத்துக்குக் கையெழுத்து இல்லை!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாற்பதடியார் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஊரைத் தாண்டி, ஊருக்கு வெளியே இருக்கிற ஊரையும் தாண்டி ஓர் இடத்தில் அவர் மனை போட்டார். “நகரத்திலிருந்து பத்தே நிமிடம்” என்று விளம்பரம். மேடம் கூப்பிட்டுக் கேட்டார்.

“பத்து நிமிஷமா?”

“ஆமா மேடம், பறந்துடலாம்.”

“பறக்க வேண்டாம். நாளைக்குக் காலையில அங்கேர்ந்து ஊருக்கு பஸ்லயே வரலாம், வாங்க.”

போனோம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் நாற்பதடியார் வந்து நின்றார். முதலில் பஸ் வரவேண்டுமே! வந்தது. இடம் கிடைத்தது பெரிய விஷயம். உட்கார்ந்த சிறிது நேரத்தில் அவர் மடியில் நான்கு பள்ளிக்கூடப் பைகள் ஏறிவிட்டன. யார் வைத்தார்கள் என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. நாங்கள் கடைத்தெருவில் இறங்கும்போது அலுவலகத்தில் எல்லோரும் காலை டீயைக் குடித்து முடித்திருந்தார்கள். சட்டை கசங்கிப் போய், முகம் வேர்த்துப் போய், “மேடம், விளம்பரத்தை மாத்திடறேன்” என்றார் மனிதர்.

“விளம்பரத்தை மாத்தி என்ன பண்ண? தூரம் அப்படியேதானே இருக்கு?” என்றார் மேடம். நடுத்தெருவில் நின்றுகொண்டு அவர் அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். “ஊர் அவ்வளவு தூரம் போனா, பைப்பும் அவ்வளவு தூரம் போகணும். தெரு விளக்கு போகணும், குப்பை வண்டி போகணும். வீட்டுக்கு ரெண்டு வண்டி வாங்கி தினமும் பெட்ரோல் எரிக்கணும். வழியில இருக்கிற மரமெல்லாம் போயிடும், குட்டையெல்லாம் ரோடாயிடும். இங்க ஊருக்குள்ள அந்த பாட்டில் பேக்டரி எத்தனை வருஷமா பூட்டிக் கெடக்கு? அங்க பைப்பு இருக்கு, பஸ் இருக்கு, ஸ்கூல் இருக்கு. கையில இருக்கறதை விட்டுட்டு ஏங்க இப்படி ஓடறீங்க?”

அடுத்த வாரம் நாற்பதடியார் யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய் அந்த பாட்டில் தொழிற்சாலையின் பூட்டிய கேட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? கேட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையில் நானும் மேடமும் உட்கார்ந்திருந்தோம். “கூப்பிடாதீங்க சர்வேயர், நல்லாப் பாக்கட்டும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நம் மருந்துக்கடைக்குள் தண்ணீர் புகுந்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளத்தின் ஓரத்து மனைக்காரர்கள் சிலர் இடித்த கட்டடத்துக் கல்லையும் மண்ணையும் கொட்டி மேடாக்கிவிட்டார்கள். வழக்கமாக அங்கே போய்த் தங்கிப் பூமிக்குள் இறங்குகிற தண்ணீர், இடம் இல்லாமல் நம் தெருவுக்குள் வந்துவிட்டது. தலைவர் கல்லாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேஜை மேல் நின்றார். இருமல் மருந்து கேட்டு வந்தவரிடம், “அதோ மிதந்து போகுது பாருங்க, பிடிச்சுக்கோங்க” என்றார். இன்றைக்குச் சிரிக்கிறோம். அன்றைக்குச் சிரிக்க முடிந்ததா? அன்றைக்கு எல்லோரும் மேடத்தின் மேல் பாய்ந்தோம். “நீங்க பெரிய ஆபீஸர், நீங்க என்ன கிழிச்சீங்க?” என்றுகூட ஒருவர் கேட்டார். மேடம் பொறுமையாக நம்மைப் பள்ளத்தோரம் கூட்டிப் போய்க் காட்டினார். கொட்டின மண்ணைக் காட்டினார். தண்ணீர் வந்து முட்டித் திரும்புகிற இடத்தைக் காட்டினார். “இந்தப் பள்ளம் சும்மா கெடக்குன்னு நெனைக்கிறீங்க. உங்க எல்லார் வீட்டு போர் தண்ணியும் இங்கேர்ந்துதான் ஊறுது. இதை மூடினா மழையில முழுகுவீங்க, வெயில்ல லாரித் தண்ணிக்கு நிப்பீங்க” என்றார். அந்த வாரமே கொட்டின மண்ணைக் கொட்டினவர்களே அள்ளினார்கள். தலைவரும் ஒரு மண்வெட்டி பிடித்தார், நான் பார்த்தேன்.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர் என்ன செய்ய வேண்டும்? வீட்டில் இருக்க வேண்டும். இவர் இருந்தாரா? இதோ இந்தக் கூடத்தில், இதே மேஜையில் வந்து உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார். பள்ளத்தில் மனை வைத்திருப்பவர்கள் மனையைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாக, நாற்பதடியார் பாட்டில் தொழிற்சாலை இடத்தில் கட்டுகிற அடுக்கு வீட்டில் ஆளுக்கு ஒரு வீடு. மிச்ச வீடுகளை அவர் விற்றுக்கொள்ளலாம். பள்ளம் நகராட்சிப் பெயரில் என்றைக்கும் திறந்தவெளியாக இருக்கும். சொல்லச் சுலபமாக இருக்கிறது இல்லையா? மனிதர்களிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

நம் சலூன்காரர் அதோ இருக்கிறார். மறைந்து உட்கார வேண்டாம் ஐயா, தெரிகிறது. “எனக்கு மண்ணு வேணும் மேடம். காத்துல தொங்கற வீடு யாருக்கு வேணும்?” என்று ஒரே பிடியாக நின்றார். “உங்க மண்ணு மழைக்காலம் பூரா தண்ணிக்கு அடியில இருக்கே, அங்க போய் என்ன, தவளைக்கு முடி வெட்டப்போறீங்களா?” என்று மேடம் கேட்பார். இவர் கோபித்துக்கொள்வார். மறுநாள் மறுபடியும் மேடம் சலூனில் போய் உட்கார்ந்திருப்பார். முடிவெட்ட வந்தவர்கள், “நீங்க முதல்ல போங்கம்மா” என்று வழிவிடுவார்கள்! ஒருநாள் சலூன்காரரையும் அவர் பெண்ணையும் தொழிற்சாலை இடத்துக்கு அழைத்துப் போனார். நர்ஸ் வேலையில் இருக்கிற பெண் அது. சுற்றிப் பார்த்துவிட்டு, “அப்பா, ஆஸ்பத்திரி இங்கேர்ந்தே தெரியுது. நான் நடந்தே டியூட்டிக்குப் போயிடுவேன்ப்பா” என்றது. சலூன்காரர் பேனாவைக் கேட்டு வாங்கினார். இப்படித்தான் ஒவ்வொருவராக, வீடு வீடாக, கடை கடையாக.

எல்லோரும் வந்துவிட்டார்கள். ஆனால் ஒரே ஒரு மனை பாக்கி இருந்தாலும் திட்டம் நிறைவேறாது. ஏன்? ஒரு வீடு இருந்தால் அதற்கு ரோடு வேண்டும். ரோடு போட்டால் மண் கொட்டி உயர்த்த வேண்டும். உயர்த்தினால் தண்ணீர் மறுபடியும் திரும்பும். இந்த நிபந்தனையை எழுதியதே மேடம்தான். எழுதும்போது அந்த ஒரு வீடு யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும்!

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் டீக்கடையில் கேட்டுவிட்டேன். “மேடம், சார்கிட்ட பேசிட்டீங்களா?”

“இல்லை.”

“எப்போ பேசப்போறீங்க?”

“பேசமாட்டேன் சர்வேயர். நான் கேட்டா அவர் சரின்னுடுவார். எனக்காகச் சரின்னுடுவார். அப்புறம் அந்த வீட்டை நெனைச்சு நெனைச்சு ஏங்குவார். அந்த மாடியில எத்தனை பிள்ளைங்க உக்காந்து படிச்சிருக்கு! ஊர்ல எல்லார்கிட்டேயும் நான் ஆபீஸரா கேட்டுட்டேன். அவர்கிட்ட எப்படிக் கேப்பேன்?” சொல்லிவிட்டு டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. எத்தனையோ பேரை எதிர்த்து நின்ற அந்த அம்மா பயந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அவர் வீட்டில், நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். வலி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, யாருக்கும் சிரமம் இல்லை. எனக்கு இதில் பெரிய துக்கம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் மனதுக்குள் ஒரு நிறைவும் இருக்கிறது. இப்படி வாழ்ந்து இப்படிப் போக எத்தனை பேருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது?

இன்று காலையில் கூட்ட நேரத்தைச் சொல்ல சாரைப் பார்க்கப் போனேன். நிலத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் போனேன். துக்க வீட்டில் போய் அதைக் கேட்பேனா? சார்தான் ஆரம்பித்தார்.

“சர்வேயர், அந்தச் சலூன்காரர்கிட்ட அவ எத்தனை தடவை போயிருப்பா?”

“நிறைய தடவை சார்.”

“என்கிட்ட ஒரு தடவைகூடக் கேக்கலியே! நான் என்ன அவரைவிட மட்டமாப் போயிட்டேனா?”

அவர் சொல்லிக்கொண்டே போனார். “தினமும் நெனைப்பேன், இன்னிக்குக் கேட்டுடுவான்னு. சாப்பிடும்போது கேப்பா, விளக்கை அணைக்கும்போது கேப்பான்னு. பதில்கூட யோசிச்சு வச்சிருந்தேன். எடுத்த உடனே ஒத்துக்கக் கூடாது. கொஞ்சம் முறுக்கிக்கணும். ரெண்டு நாள் பேசாம இருக்கணும். அவ வந்து கெஞ்சணும். அப்புறம் பெரிய மனசு பண்ணிச் சரின்னு சொல்லணும். எல்லாம் தயாரா இருந்துச்சு. அவ கேக்கவே இல்லை.”

டீக்கடையில் மேடம் சொன்னதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஏன் கேட்கவில்லை என்பதைச் சொன்னேன். சார் முதலில் சிரித்தார். “பைத்தியக்காரி” என்றார். பிறகு அழுதார். நானும் அழுதேன்.

அன்பர்களே! அந்த அம்மையார் விட்டுப்போன வேலையை நாம் எடுத்துச் செய்வோம் என்று இந்தச் சபையில் உறுதி ஏற்போம். பாட்டில் தொழிற்சாலை இடத்தில் வரும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சாருக்கு ஒரு வீடு, பெஞ்சு போட ஒரு பெரிய அறையோடு. இதை நாற்பதடியார் மேடையிலேயே ஒப்புக்கொண்டு தலையசைக்கிறார், எல்லோரும் சாட்சி! பள்ளத்தில் ஒரு கூடை மண் விழாமல் பார்த்துக்கொள்வது சங்கத்தின் பொறுப்பு. ஊரை இழுத்துக்கொண்டே போகிற ஒவ்வொரு வரைபடத்தையும், உள்ளே இடம் இல்லையா என்று கேட்காமல் விடமாட்டோம். அது எங்கள் அலுவலகத்தின் பொறுப்பு.

கடைசியாக ஒன்று. கிளம்பும்போது சாரிடம் கேட்டேன், “இதை இன்னிக்குக் கூட்டத்துல சொல்லலாமா சார்?” என்று. “சொல்லுங்க. மெதுவாச் சொல்லாதீங்க. நல்லாச் சத்தமாச் சொல்லுங்க. நான் இன்னும் அவகிட்ட சொல்லவே இல்லை” என்றார்.

மழை மேடம் அவர்களே! உங்கள் சர்வேயர் பேசுகிறேன். நீங்கள் கேட்காமலே விட்ட கேள்விக்கு உங்கள் வீட்டுக்காரர் என்னிடம் பதில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சரி என்கிறார், மேடம்! முறுக்கிக்கொள்ளவில்லை, இரண்டு நாள் பேசாமல் இருக்கவில்லை. நீங்கள் வாயைத் திறக்காமலே, சரி என்கிறார்!